பச்சை விளக்கு எதைப் பார்த்தது?

கார்த்திகை மாதத்து விடியற்காலை. இரவெல்லாம் கொட்டிய மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. தோட்டத்துக் கோழிக்கூட்டின் முன்னால் இறகுகள் சிதறிக் கிடந்தன. பதினோரு கோழிகளில் இரண்டைக் காணவில்லை. ஈரமண்ணில் மரநாயின் கால்தடம் வேலிவரை போயிருந்தது. கூட்டின் தானியங்கிக் கதவு நாலு விரற்கடை திறந்தபடி நின்றது. அதற்கு மேலே இருந்த கட்டுப்பாட்டுப் பெட்டியில் பச்சை விளக்கு நிதானமாக எரிந்துகொண்டிருந்தது. பச்சை எரிந்தால் கதவு மூடியிருக்கிறது என்று பொருள்.

அம்மா வந்து பார்த்தார். “விளக்கு எரியுதுன்னு போயிட்டயா? கதவத் தொட்டுப் பாக்கலையா?” என்று மட்டும் கேட்டார். பஞ்சாரத்தைக் கவிழ்த்து அதன்மேல் கல்லை வைத்துப் பழகியவர் அவர். கல்லை வைத்தபின் ஒருமுறை அசைத்துப் பார்க்காமல் நகரமாட்டார்.

பெட்டியைத் திறந்து சோதித்தபோது எனக்கு வியப்புதான் மிஞ்சியது. மோட்டார் ஓடியது. பேட்டரியில் மின்சாரம் இருந்தது. ஒளி உணரி நேரத்துக்கு இருட்டை அறிந்திருந்தது. எல்லா உறுப்புகளும் சொன்ன வேலையைச் செய்திருந்தன. கதவு மட்டும் மூடவில்லை. அப்படியென்றால் அந்தப் பச்சை விளக்கு எதைப் பார்த்து எரிந்தது? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதில் கதவின் மற்றக் கோளாறுகள் எல்லாமும் விளங்கின.

விடை எளிது. இந்தக் கதவு எதையுமே நேராகப் பார்ப்பதில்லை. அந்தி சாய்வதை அது அறியாது. ஒரு சிறு வில்லையின் மின்தடை கூடுவதைத்தான் அறியும். பலகை தரையைத் தொட்டதை அறியாது. மோட்டார் 14 விநாடி ஓடியதைத்தான் அறியும். பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்பதை அறியாது. இரு முனைகளுக்கு இடையே எத்தனை வோல்ட் என்பதைத்தான் அறியும். ஒவ்வொன்றிலும் உண்மைக்குப் பதிலாக அதன் அடையாளம் ஒன்றை வைத்துக்கொண்டு வேலை நடக்கிறது. அடையாளமும் உண்மையும் பிரிகிற இடத்தில் கோளாறு பிறக்கிறது. பழுது பார்ப்பது என்பது அந்தப் பிரிவை ஒவ்வொன்றாகத் தேடுவதே.

கோழிக்கு இருட்டுவதும் கதவுக்கு இருட்டுவதும்

பகல் வெளிச்சத்தில் கோழியின் பார்வை நம்முடையதைவிட வளமானது. நம் விழித்திரையில் நிறமறியும் கூம்புச் செல்கள் மூன்று வகை. கோழிக்கு நான்கு வகை ஒற்றைக் கூம்புகளும் அவற்றோடு இரட்டைக் கூம்புகளும் உண்டு. நமக்குத் தெரியாத புற ஊதாக் கதிரில் ஒரு பகுதிகூட அதற்குத் தெரியும். ஆனால் மங்கிய ஒளியில் அது தடுமாறும். வீட்டுக்கோழியின் மூதாதையான செங்காட்டுக்கோழி இருட்டுமுன் மரக்கிளையேறி அடைந்துவிடுவதற்கு அதுவும் ஒரு காரணம். கூட்டுக்குள் தானாக வந்து பரண்கம்பில் ஏறுகிற பழக்கம் அந்தக் காட்டு வாழ்வின் மிச்சம்.

கண்ணைத் தவிர இன்னொரு ஒளி உணரியும் கோழிக்கு உண்டு. மூளையின் மேற்புறத்தில் உள்ள பினியல் சுரப்பி, மண்டையோட்டை ஊடுருவி வரும் ஒளியை நேரடியாகவே உணர்கிறது. அதற்கான நிறமியை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1994-இல் கோழியில்தான் கண்டறிந்து ‘பினாப்சின்’ என்று பெயரிட்டார்கள். இந்தச் சுரப்பியின் செல்களைத் தனியே எடுத்துக் கண்ணாடித் தட்டில் வளர்த்தாலும், ஏறத்தாழ 24 மணி நேரச் சுழற்சியில் மெலட்டோனினைக் கூட்டியும் குறைத்தும் சுரக்கின்றன. கோழி, வானத்தைப் பார்த்து நேரம் அறிவதோடு தனக்குள்ளும் ஒரு கடிகாரத்தைச் சுமக்கிறது.

நம் கதவிடம் இருப்பது ஒற்றை வில்லை. பெரும்பாலான எளிய கதவுகளில் அது கேட்மியம் சல்ஃபைடால் ஆன ஒளித்தடை. ஒளி பட்டால் அதற்குள் கட்டுண்டிருந்த எலக்ட்ரான்கள் விடுபட்டு மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும். நல்ல வெளிச்சத்தில் சில நூறு ஓமாக இருக்கும் தடை, கும்மிருட்டில் பத்து லட்சம் ஓமையும் தாண்டும். மனிதக் கண்ணைப் போலவே பச்சையை ஒட்டிய ஒளிக்கு அது மிகுதியாக இணங்கும். அந்த வில்லை இதைத்தான் அளக்கிறது: தன்மேல் எவ்வளவு ஒளி விழுகிறது. வானத்தில் எவ்வளவு ஒளி இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

எங்கள் கதவின் முதல் கோளாறு இங்கேதான் வந்தது. ஐப்பசியில் ஒருநாள் மாலை ஐந்து மணிக்கே கதவு இறங்கிவிட்டது. கோழிகள் வெளியே நின்று கதவைக் கொத்திக்கொண்டிருந்தன. கருமேகம் காரணம் என்று நினைத்தேன். ஆனால் நடுப்பகல் வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். கருமேகம் மூடிய பகலிலும் பல நூறு லக்ஸ் இருக்கும். சூரியன் அடிவானத்துக்குக் கீழே 6 பாகை இறங்கும்போதுதான் வெளிச்சம் 3 அல்லது 4 லக்ஸுக்கு வருகிறது. மேகம் மட்டும் அவ்வளவு பெரிய இறக்கத்தை உண்டாக்காது. உணரியின் கண்ணாடியைத் துடைத்தேன். சிலந்தி வலையும் தூசியும் சாணியைப்போல் அப்பியிருந்தன. கூடவே வேப்பங்கிளை ஒன்று வளர்ந்து மேலே கவிந்திருந்தது. மேகம், கிளை, தூசி மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒளியை வடிகட்டியிருந்தன. பகலைத் தூசி இருட்டாக்கிக் காட்டியது.

அதற்கு நேர்மாறான கோளாறு அடுத்த வாரம் வந்தது. கண்ணாடியைத் துடைத்தபின் ஓர் இரவு கதவு இறங்கவே இல்லை. மாட்டுக் கொட்டகையில் புதிதாக மாட்டிய எல்.இ.டி. விளக்கின் வெளிச்சம் நேரே உணரியின் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. பௌர்ணமி நிலா அதிகம் போனால் 0.3 லக்ஸ்தான், அது கதவை ஏமாற்றாது. தெருவிளக்கும் வாசல் விளக்கும் எளிதில் ஏமாற்றும். உணரியை வடக்கு வானத்தைப் பார்க்கத் திருப்பி, பக்கவாட்டில் கறுப்புக் குழாய்த்துண்டு ஒன்றைச் சட்டைபோல மாட்டியதும் சரியாயிற்று.

உணரியைச் சோதிப்பவர்கள் ஒரு தவற்றை அடிக்கடி செய்கிறார்கள். கையால் மூடிப் பார்க்கிறார்கள்; அரை நிமிடத்தில் கதவு அசையாவிட்டால் உணரி செத்துவிட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். மேகம் கடக்கும்போதெல்லாம் கதவு ஏறி இறங்கக் கூடாது என்பதற்காகவே இந்தப் பெட்டிகளில் சில நிமிடத் தாமதம் வைக்கப்பட்டிருக்கும். மூடுவதற்கும் திறப்பதற்கும் வெவ்வேறு ஒளி அளவுகளும் வைத்திருப்பார்கள். ஆகவே கறுப்பு ஒட்டுநாடாவால் ஒளி புகாமல் மூடி, கால் மணி நேரமாவது காத்திருக்க வேண்டும்.

கடிகாரத்தை நம்பலாமா?

ஒளியை விட்டுவிட்டு நேரத்தை வைத்தே இயக்கினால் என்ன என்று தோன்றும். அது ஊரைப் பொறுத்தது. லண்டனில் மிக நீண்ட பகல் 16 மணி 38 நிமிடம். மிகக் குறுகிய பகல் 8 மணிக்கும் குறைவு. செந்நரிக்கு அஞ்சிக் கூட்டை அடைக்கும் அந்த ஊர்க்காரர், ஒரே நேரத்தை ஆண்டு முழுவதும் வைத்திருக்க முடியாது. சென்னையில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஒன்றரை மணி நேரம்தான். நவம்பர் பிற்பாதியில் மாலை 5.40-ஐ ஒட்டியும், ஜூலைத் தொடக்கத்தில் 6.40-ஐ ஒட்டியும் சூரியன் மறைகிறது. ஏழு மணிக்கு மூடு என்று வைத்துவிட்டால் நமக்கு ஆண்டு முழுவதும் ஒப்பேறும் என்று சொல்லலாம். ஆனால் கார்த்திகையில் அதனால் ஒரு மணி நேரத்துக்கும் மேல் கூடு திறந்து கிடக்கும். நம் பக்கம் அந்தி வேகமாக இருட்டும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். சூரியன் மறைந்து 6 பாகை கீழே இறங்க லண்டனின் ஜூன் மாதத்தில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும்; சென்னையில் 22 நிமிடம் போதும்.

கடிகாரமும் அடையாளம்தான். உள்ளே நொடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகம் நேரத்தை எண்ணுகிறது. அது பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினால் நாளுக்கு 1.7 விநாடி, ஆண்டில் 10 நிமிடம். அதைவிடப் பெரிய பிசகு, கடிகாரத்துக்கான பொத்தான் பேட்டரி தீர்ந்துபோவது. பெரிய பேட்டரியைக் கழற்றி மாட்டிய அன்று கடிகாரம் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். கதவு நள்ளிரவில் திறக்கும். ‘திடீரென்று நேரம் கெட்டுவிட்டது’ என்பவர்கள் முதலில் மாற்ற வேண்டியது அந்தப் பொத்தான் பேட்டரியைத்தான்.

ஓய்ந்திருக்கும் பேட்டரி பொய் சொல்லும்

மூன்றாவது கோளாறு விடியற்காலையில் வந்தது. கதவு ‘டக்’ என்று அரை அங்குலம் ஏறி நின்றது. மறுபடி ‘டக்’. மறுபடி. மல்டிமீட்டரை வைத்தால் 12.4 வோல்ட் காட்டியது. காரீய அமிலப் பேட்டரிக்கு அது மோசமில்லை. மோட்டார் ஓடும்போது அளந்தேன். முள் 9 வோல்ட்டுக்குச் சரிந்தது.

மோட்டார் ஓடும்போது ஒரு ஜெனரேட்டரும் ஆகிறது. சுழற்சியால் அதற்குள் எதிர்மின்னழுத்தம் பிறந்து, உள்ளே வரும் மின்னோட்டத்தை மட்டுப்படுத்துகிறது. நின்ற நிலையிலிருந்து புறப்படும் நொடியில் அந்த எதிர்ப்பு இல்லை. அதனால் புறப்பாட்டு மின்னோட்டம் ஓட்டத்தின்போது உள்ளதைப்போலப் பலமடங்கு. அந்த நொடியில் வோல்ட் சரிந்தால் கட்டுப்பாட்டுப் பெட்டியின் மைக்ரோகன்ட்ரோலர் அணைந்து, மீண்டும் விழித்து, மீண்டும் மோட்டாரை ஏவும். ‘டக், டக்’ என்ற அந்தச் சத்தம் பெட்டி மயங்கி மயங்கி விழிப்பதன் சத்தம்.

குற்றம் பேட்டரியின்மேல் இல்லை. அதன் முனையில் பூத்திருந்த வெண்பச்சைக் களிம்புதான் காரணம். அந்த இணைப்பில் 1 ஓம் தடை இருந்தால்கூடப் போதும். 3 ஆம்பியர் பாயும்போது 3 வோல்ட் அங்கேயே கரைந்துவிடும். மின்னோட்டம் இல்லாதபோது கரைவதற்கு ஒன்றுமில்லை; அதனால்தான் ஓய்வில் அளந்தால் எல்லாம் சரியாகத் தெரிகிறது. மீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரி முனையிலும் மறுமுள்ளை அதில் மாட்டிய கம்பியிலும் வைத்து, மோட்டாரை ஓடவிட்டு அளக்க வேண்டும். நல்ல இணைப்பில் பூஜ்யத்தை ஒட்டிய அளவே வரும். எனக்கு 2 வோல்ட்டுக்கு மேல் வந்தது. உப்புத்தாளால் தேய்த்து, வாசலின் தடவியதும் கதவு ஒரே மூச்சில் ஏறியது.

பேட்டரி வேகமாகத் தீர்கிறதே என்று மோட்டாரைக் குறை சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு விதமாக வரும். சராசரியாக 1 ஆம்பியர் எடுக்கும் மோட்டார் காலையில் 15 விநாடி, மாலையில் 15 விநாடி ஓடினால், ஒரு நாளைக்கு 0.008 ஆம்பியர்-மணிதான் செலவு. இரவு 12 மணி நேரம் 10 மில்லி ஆம்பியரில் எரியும் ஒரு சிறு எல்.இ.டி. 0.12 ஆம்பியர்-மணியை எடுத்துக்கொள்கிறது. அது மோட்டாரின் செலவைப்போலப் பதினான்கு மடங்கு. மழைக்காலத்தில் சூரியத் தகடு சரியாகச் சார்ஜ் செய்யாத வாரங்களில் பேட்டரியை வற்றவைப்பது கதவின் உழைப்பைவிட இந்தச் சும்மா எரிவதுதான். தகட்டின் ஒரு கண்ணில் மட்டும் இலை கிடந்தாலும் கவனிக்க வேண்டும். தொடராக இணைந்த கண்களில் ஒன்று மங்கினால் மற்றவற்றின் மின்னோட்டமும் அதன் அளவுக்குக் குறுகிவிடும்.

பலகையும் கயிறும்

இனி அந்தக் கார்த்திகை இரவுக்கு வருவோம். எங்கள் கதவு வேப்பம்பலகையால் ஆனது. இருபுறமும் மரச்சட்டத்தில் வெட்டிய காடியில் மேலும் கீழும் ஓடும். மோட்டார் ஓர் உருளையில் கயிற்றைச் சுற்றினால் பலகை ஏறும். அவிழ்த்துவிட்டால் தன் எடையாலேயே இறங்கும். மரம் ஈரத்தை உறிஞ்சினால் ஊதும். நாரின் நீளவாக்கில் அந்த ஊதல் கண்ணுக்கே தெரியாது. குறுக்குவாக்கில் 30 செ.மீ. பலகை சில மில்லிமீட்டர் அகலமாகிவிடும். நார் மேலிருந்து கீழாக ஓடும்படி பலகையைப் பொருத்தியிருந்தோம். ஆகவே அகலம்தான் கூடியது. காடியில் சேர்ந்திருந்த உமியும் எச்சமும் மழையில் பிசைந்த மாவாகி இருந்தன. பலகை பாதி வழியில் சிக்கிக்கொண்டது.

மோட்டாருக்கு இது தெரியாது. அது தன் 14 விநாடியும் கயிற்றை அவிழ்த்தது. கயிறு தொய்ந்து தொங்கியது. நேரம் முடிந்ததும் பெட்டி பச்சை விளக்கை ஏற்றியது. தொய்ந்த கயிறு பலகையைக் கீழ்நோக்கி அழுத்துவதுமில்லை, மேலே போகாமல் தடுப்பதுமில்லை. பின்னிரவில் அதிர்விலோ எடையிலோ பலகை இன்னும் கொஞ்சம் இறங்கி, நாலு விரற்கடையில் நின்றிருக்க வேண்டும். மரநாய்க்கு மூக்கை நுழைத்து நெம்ப அது போதும்.

இதே வகைக் கதவில் இன்னொரு விபரீதமும் நடக்கும். கயிறு முழுக்க அவிழ்ந்தபின்னும் உருளை சுழன்றால், கயிறு எதிர்ப்பக்கமாகச் சுற்றத் தொடங்கும். அப்போது ‘மூடு’ என்ற கட்டளைக்குக் கதவு இறங்கி, பிறகு ஏறும். மறுநாள் காலை ‘திற’ என்றால் மூடும். கதவு தலைகீழாக நடந்துகொண்டால் பெட்டியைச் சந்தேகிக்குமுன் உருளையில் கயிறு எந்தப் பக்கமாகச் சுற்றியிருக்கிறது என்று பாருங்கள்.

திருகுத்தண்டு வைத்த கதவில் இந்தச் சிக்கல் குறைவு. திருகின் சாய்வு சிறியதாக இருந்தால் உராய்வே அதைப் பூட்டிவிடும். வெளியிலிருந்து யாரும் பலகையைத் தூக்க முடியாது. ஆனால் திருகு கோழியையும் நசுக்கும். அங்கே பெட்டி மின்னோட்டம் ஏறுவதைக் கவனித்து, ஏதோ தடுக்கிறது என்று அறிந்து பின்வாங்க வேண்டும். கோழியின் முதுகும் காடியில் சிக்கிய கூழாங்கல்லும் தரைப்படியும் மின்னோட்டத்துக்கு ஒன்றுபோலவே தெரியும் என்பதால், இந்த அடையாளத்தையும் முழுதாக நம்ப முடியாது.

நான் செய்த மாற்றங்கள் மூன்று. மரப்பலகைக்குப் பதில் அலுமினியத் தகடு. அது எடை குறைந்தது என்பதால் தானாக விழுவதற்கு அடியில் ஓர் இரும்புப் பட்டை. காடியில் இருபுறமும் 3 மில்லிமீட்டர் இடைவெளி; அடியில் குப்பை தங்காமல் கொட்டிப்போகத் திறப்பு. எண்ணெயும் கிரீஸும் தூசியை இழுத்துப் பசையாக்கும் என்பதால் பென்சில் கரியான கிராஃபைட்டுத் தூள்.

கதவைத் தொட்டுப் பார்க்கும் சுவிட்ச்

நான்காவது மாற்றம்தான் முக்கியமானது. பெட்டிக்குக் கதவைத் தொட்டுப் பார்க்கக் கற்றுக்கொடுத்தேன். அதற்கு உதவியது ரீட் சுவிட்ச். பெல் ஆய்வகத்தில் வால்ட்டர் எல்வுட் 1936-இல் உருவாக்கியது. சிறு கண்ணாடிக் குழலுக்குள் இரண்டு மெல்லிய உலோக நாக்குகள். காந்தம் அருகில் வந்தால் ஒன்றையொன்று தொடும், விலகினால் பிரியும். குழல் முத்திரையிட்டது என்பதால் தூசியும் ஈரமும் உள்ளே போகா. காந்தத்தைக் கதவின் அடிவிளிம்பிலும் சுவிட்சைத் தரைப்படியை ஒட்டியும் பொருத்தினேன். பலகை உண்மையிலேயே அடியைத் தொட்டால்தான் நாக்குகள் சேரும். இப்போது பச்சை விளக்கு விநாடிகளை எண்ணி எரிவதில்லை. கதவு வந்து சேர்ந்ததை அறிந்து எரிகிறது. 20 விநாடிக்குள் சேதி வராவிட்டால் பெட்டி கதவை உயர்த்தி மறுபடி இறக்கும். மூன்று முறையும் தவறினால் அலறும்.

கம்பியை எந்த விதமாக இணைப்பது என்பதிலும் ஒரு பாடம் உண்டு. எலி கம்பியைக் கடித்துவிட்டால் பெட்டி என்ன நினைக்க வேண்டும்? ‘மூடவில்லை’ என்றே நினைக்க வேண்டும். ஆகவே நாக்குகள் சேர்ந்து மின்சாரம் பாய்ந்தால்தான் ‘மூடியது’ என்று வைத்தேன். அறுந்த கம்பி தானாகவே ஆபத்தை அறிவிக்கும். ரயில் பாதைக்கு இதே எண்ணத்தை அமெரிக்கப் பொறியாளர் வில்லியம் ராபின்சன் 1872-இல் கொண்டுவந்தார். தண்டவாளத்தின் வழியே சிக்னலுக்குப் போகும் மின்னோட்டம் எக்காரணத்தால் நின்றாலும், பாதையில் வண்டி வந்தாலும் கம்பி அறுந்தாலும், சிக்னல் சிவப்பாகும். தவறினாலும் பாதுகாப்பான பக்கம் தவற வேண்டும்.

ரீட் சுவிட்சும் பொய் சொல்லக்கூடும். காந்தம் சில மில்லிமீட்டர் நகர்ந்துவிட்டால் மூடிய கதவையும் திறந்ததாகச் சொல்லும். அருகில் இருக்கும் இரும்புத் திருகாணி காந்தப்புலத்தை வளைத்துவிடும். ஆயினும் அது கதவையே நேராகச் சார்ந்திருக்கிறது. உண்மைக்கும் அடையாளத்துக்கும் இடையே உள்ள தூரம் குறைந்துவிட்டது.

எங்கிருந்து தொடங்குவது?

கதவு நின்றுவிட்டால் எதையும் கழற்றுவதற்கு முன் ஓர் அந்தியில் முழுச் சுற்றையும் உட்கார்ந்து பாருங்கள். பாதிக் கோளாறுகள் கண்ணாலும் காதாலுமே பிடிபடும். பிறகு நடுவிலிருந்து தொடங்குங்கள். மோட்டாருக்குப் போகும் இரு கம்பிகளைப் பெட்டியிலிருந்து விடுவித்து, நல்ல பேட்டரியில் நேரே தொடுங்கள். கதவு ஓடினால் மோட்டாரும் கயிறும் காடியும் குற்றமற்றவை. உணரி, கடிகாரம், மின் இணைப்புகளின் பக்கம் தேடலாம். ஓடாவிட்டால் கயிற்றைக் கழற்றிப் பலகையைக் கையால் ஏற்றி இறக்கிப் பாருங்கள். இப்படி ஒவ்வொரு சோதனையும் தேட வேண்டிய இடத்தைப் பாதியாக்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றிச் சரியானால் எது நோய் என்று தெரியாமலே போகும். அது திரும்பி வரும்போது முதலிலிருந்து தொடங்க வேண்டும். தேதி, மூடிய நேரம், வானிலை, ஓட்டத்தின்போது வோல்ட் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்துவையுங்கள்.

கடைசிக் கோழி எப்போது உள்ளே போகிறது என்பதையும் ஒரு வாரம் குறித்தேன். வளர்ந்த கோழிகள் சூரியன் மறைந்த பத்து நிமிடத்தில் அடைந்துவிட்டன. இரண்டு இளம் பெட்டைகள் மட்டும் வேலியோரமே நின்று, கண் தெரியாமல் போகிற கட்டத்தில் ஓடிவந்தன. கதவை அவற்றுக்காகக் கால் மணி நேரம் தள்ளி வைத்திருக்கிறேன்.

இப்போது கதவு தவறுவதில்லை. பச்சை விளக்கு எரிந்தால் பலகை அடியைத் தொட்டிருக்கிறது. ஆனால் பலகை அடியைத் தொட்டது என்பதும் ஓர் அடையாளம்தான். கோழிகள் உள்ளே இருக்கின்றன என்பதை அந்தப் பெட்டியில் எந்த உறுப்பும் அறியாது. இரவு ஏழரைக்கு டார்ச்சை எடுத்துக்கொண்டு போகிறேன். கதவின் விளிம்பை விரலால் தடவி, காடியில் அழுத்தி, மேலே தூக்கிப் பார்க்கிறேன். பக்கத்துச் சாளரம் வழியாகப் பரண்கம்பில் ஒளியை ஓட்டுகிறேன். திரும்பி வரும்போது திண்ணையிலிருந்து அம்மா கேட்பார். “ஒம்பது” என்கிறேன். அதன் பிறகுதான் வாசல் விளக்கை அணைக்கிறார்.